வேலைக்காகச் சென்னைக்கு மாறும்போது எந்தப் புறநகரில் குடியேறுவது: முழுமையான வழிகாட்டி

மதுரையிலோ நெல்லையிலோ கோவையிலோ இருந்து வேலை கிடைத்துச் சென்னைக்கு வருபவர்களில் பலர், ஆஃபர் லெட்டர் வந்த அன்றே வீட்டுப் படங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். வாடகை எவ்வளவு, எத்தனை பெட்ரூம், டைல்ஸ் போட்டிருக்கிறதா என்று கேட்டு ஒரு சனி ஞாயிறில் வந்து பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அந்த வீடு ஒத்துவராமல் போகிறது. மறுபடியும் புரோக்கர் கமிஷன், மறுபடியும் லாரி வாடகை, பெயிண்டிங்குக்கு அட்வான்ஸில் பிடித்தம், பிள்ளையின் பள்ளிப் பிரச்சினை.

இவர்கள் செய்யும் தவறு வரிசையில் இருக்கிறது. பாதை, மழைத் தண்ணீர், புழங்கும் தண்ணீர், பள்ளி, அதற்குப் பிறகே வாடகை என்று போக வேண்டும். உங்களால் மாற்ற முடியாததை முதலில் பார்க்க வேண்டும் என்பதே காரணம். வாடகையைப் பேசிக் குறைக்கலாம், குழாயை மாற்றலாம். ஏரியின் உபரி நீர் ஓடும் வழியை யாராலும் மாற்ற முடியாது.

கீழே உள்ளது குடும்பத்தோடு வாடகைக்கு வருபவர்களுக்கானது. தனியாக வருபவர்கள் பள்ளிப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை அப்படியே பின்பற்றலாம்.

1. வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அலுவலகத்தின் சரியான வாசல் எது என்று முதலில் தெரிய வேண்டும். "ஓஎம்ஆரில் ஆபீஸ்" என்பது முகவரி ஆகாது. ஓஎம்ஆர் என்னும் பழைய மகாபலிபுரம் சாலை மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர். தரமணியில் வேலை பார்ப்பவருக்குப் பொருந்தும் புறநகர் சிறுசேரிக்காரருக்குத் தண்டனை.

பெரிய நிறுவனங்களுக்குச் சென்னையில் ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் உண்டு. ஆஃபர் லெட்டரில் ஓர் இடமும் புராஜெக்ட் வேறு இடத்திலுமாக இருக்கும். சேரும் முன்பே மேலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், ஷிஃப்ட் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கம்பெனி பஸ் இருந்தால் அதன் வழித்தடப் பட்டியலை, நிறுத்தங்களோடும் நேரத்தோடும், டிரான்ஸ்போர்ட் பிரிவிலிருந்து வாங்குங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வருபவர்களுக்கு இந்த ஒரு தாளே பாதி முடிவைச் செய்துவிடும். பஸ் நிற்காத ஊரில் வீடு பிடித்துவிட்டு, பிறகு நிறுத்தம் கேட்டு அலைபவர்கள் நிறையப் பேர்.

பணம். 18,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு 5 மாத அட்வான்ஸ் என்றால் 90,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. முதல் மாத வாடகை 18,000. ஆக லாரிச் செலவு இல்லாமலே 1,26,000 ரூபாய் வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதால் இது சேமிப்பிலிருந்து போகும் பணம். முழுத் தொகையும் கையில் இல்லாமல் வீடு பார்க்கக் கிளம்பினால், அட்வான்ஸ் குறைவாகக் கேட்கிறார்கள் என்பதற்காகவே தப்பான வீட்டை எடுக்க நேரும்.

கடைசியாக, 3 அல்லது 4 வாரம் தங்க ஒரு தற்காலிக இடம். பி.ஜி., சர்வீஸ் அபார்ட்மென்ட், உறவினர் வீடு, எதுவாகவும் இருக்கலாம். குடும்பம் ஊரிலேயே இருக்கட்டும். வேலை நாளில் ஒரு பகுதி எப்படி இருக்கும் என்று பார்க்காமல் எடுக்கும் வீடு குருட்டு அதிர்ஷ்டம்தான்.

2. அலுவலகத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவது வீண். ரயிலில் போகும் 25 கிலோமீட்டர், சாலையில் போகும் 10 கிலோமீட்டரைவிட எளிதாக இருக்கும் இடங்கள் உண்டு. மழை பெய்தாலும் அரசியல் கூட்டம் நடந்தாலும் ரயில் நேரம் அதிகம் மாறாது. சாலை நேரம் இரட்டிப்பாகும். ஆகவே முதல் கேள்வி: உங்கள் அலுவலகத்துக்கு அருகில் ரயில் இருக்கிறதா?

கிண்டி, ஈக்காட்டுத்தாங்கலில் வேலை கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கிண்டியில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் சந்திக்கின்றன. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தெற்கே எவ்வளவு தள்ளிப் போனாலும் அதே ரயில்தான். வாடகை குறையும், பயணம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

தரமணி, டைடல் பார்க், பெருங்குடியின் வட பகுதிக்குப் பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் உள்ளூர் ரயில்) உதவும். வேளச்சேரி, பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வேளச்சேரியில் இருக்கலாம். எதிர்த்திசையில் மந்தைவெளி, மயிலாப்பூரிலும் இருக்கலாம். புதிதாக வருபவர்கள் இந்தப் பக்கத்தை நினைத்துப் பார்ப்பதே இல்லை. பழைய சிறிய வீடுகளாக இருந்தாலும் காவிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழக்கப்பட்ட சூழல் அது.

துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூரில் ரயில் கிடையாது. மேற்கிலிருந்து இங்கே வர முக்கியமான வழிகள் இரண்டு: பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலை, மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலை. கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் இந்த இரண்டு சாலைகளை நம்பியே இருக்கின்றன. காலை 8:30 மணிக்கு மேல் இவற்றில் இறங்கினால் நேரம் உங்கள் கையில் இல்லை. ஓஎம்ஆருக்கும் ஈசிஆருக்கும் (கிழக்குக் கடற்கரைச் சாலை) நடுவே இணைப்புச் சாலை இருக்கும் இடத்தில், உதாரணமாகச் சோழிங்கநல்லூர்–அக்கரைப் பக்கம், வீடு பார்த்தால் இந்த நெரிசலைத் தாண்டிவிடலாம். வாடகை கூடும்.

நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என்றால் தெற்கிலேயே குடியிருப்பது நல்லது. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: அடையாறிலோ வேளச்சேரியிலோ சித்தப்பா வீடு இருக்கிறது என்பதற்காக அங்கே வீடு எடுத்துவிட்டு, தினமும் ஓஎம்ஆரை முழு நீளத்துக்கும் இரண்டு முறை அளப்பது. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை இருப்பதால் மாம்பாக்கம், வண்டலூர்ப் பக்கமும் பார்க்கலாம்.

மணப்பாக்கம், ராமாபுரம், போரூர் அலுவலகங்களுக்கு முகலிவாக்கம், கெருகம்பாக்கம், ஐயப்பன்தாங்கல், வளசரவாக்கம் அருகில். தாம்பரம் பக்கம் இருந்தால் சென்னை பைபாஸ் வழியாகப் போரூருக்கு வரலாம். பைக் வைத்திருப்பவர்களுக்கு இது நடைமுறையில் ஒத்துவரும், பஸ்ஸை நம்புபவர்களுக்குக் கடினம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பட்டரவாக்கம் ரயில் நிலையம் பக்கம். ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர், கொரட்டூர் ஆகியவை இதே பாதையில். மகேந்திரா சிட்டிக்குப் பரனூர் நிலையம். மறைமலை நகர், கூடுவாஞ்சேரியில் வீடு எடுத்தால், காலையில் எல்லோரும் நகரத்துக்குள் போகும்போது நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ஓர் எச்சரிக்கை. மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி, கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் என்று மூன்று வழித்தடங்கள். "மெட்ரோ வரப்போகுது சார்" என்று சொல்லி வாடகையை ஏற்றுவார்கள். நீங்கள் எடுப்பது 11 மாத ஒப்பந்தம். இன்றைக்கு ஓடும் ரயிலை மட்டும் கணக்கில் எடுங்கள். வேலை நடந்துகொண்டிருக்கும் நீளத்தில் சாலை குறுகி, பஸ் நிறுத்தம் இடம் மாறியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியின் முடிவில் 3 பகுதிகள் மட்டும் தாளில் இருக்க வேண்டும். ஐந்து ஆறு வைத்துக்கொண்டால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

3. பயணத்தை நேரில் அளந்து பாருங்கள்

மூன்று பகுதிகளிலிருந்தும் அலுவலகத்துக்கு ஒரு முறையாவது போய் வர வேண்டும். திங்கள் அல்லது செவ்வாய்க் காலை. நீங்கள் உண்மையில் கிளம்பப்போகும் நேரத்தில். மாலையில் திரும்பும் பயணம் இன்னும் முக்கியம், ஏனென்றால் சோர்வோடு நிற்கும் நேரம் அது.

கதவைப் பூட்டியதிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்: நிலையத்துக்கு நடை, டிக்கெட், காத்திருப்பு, ரயில், இறங்கியபின் ஷேர் ஆட்டோ, வளாக வாசலிலிருந்து கட்டடம். பலர் ரயில் நேரத்தை மட்டும் பார்த்து "35 நிமிஷம்தான்" என்கிறார்கள். முன்னும் பின்னும் உள்ள துண்டுகள் சேர்ந்து 40 நிமிடம் ஆகும். நிலையத்திலிருந்து வீடு நடந்து 15 நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் பைக் நிறுத்தக் கட்டணம், மழை நாளில் ஆட்டோ என்று செலவும் எரிச்சலும் ஏறும்.

மேப் செயலியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்த நேரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஞாயிறு எடுக்கும் நேரத்துக்கும் செவ்வாய்க் காலைக்கும் தொடர்பே இல்லை.

ஒரு பக்கம் ஒரு மணி நேரம் என்பதை உச்ச வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், குழந்தையை அழைத்து வரும் பொறுப்பு யாருக்கோ அவருடைய அலுவலகத்துக்கு அருகில் வீடு இருக்கட்டும். இரண்டு அலுவலகங்களுக்கும் சரியாக நடுவில் எடுத்தால் இருவருக்குமே தூரமாகிவிடும். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை. மனைவியின் அலுவலகம் பஸ் பாதையில் இருந்தால் மாதச் செலவில் அது தெரியும்.

4. மழைத் தண்ணீர் எங்கே நிற்கும்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். இங்கே செய்யும் தவறு பைக்கையும் பிரிட்ஜையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கொண்டுபோய்விடும்.

தென்சென்னைப் புறநகரின் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விளங்கும். சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. வரும் வழிகள் பல, வெளியேறும் மடுவு குறுகல். அதனால்தான் மழை நின்ற பிறகும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரியின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்தது இதுதான்.

அடையாற்றின் கதை வேறு. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் வரதராஜபுரம், முடிச்சூரில் முதலில் ஏறும். கீழே செம்பரம்பாக்கம் ஏரியில் திறக்கும் நீரும் சேர்ந்துகொள்ள, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று கரையோரம் முழுக்க ஆபத்து. 2015 டிசம்பரில் இந்த ஆறு செய்ததை இங்கே இருப்பவர்கள் யாரும் மறக்கவில்லை.

இதனால் இந்த ஊர்களையே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரு தெரு முழுகும், அடுத்த தெரு காய்ந்திருக்கும். தெருத் தெருவாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வழி இது:

முதலில் பெயரைக் கவனியுங்கள். தாங்கல், ஏந்தல் என்பவை நீர்நிலையைக் குறிக்கும் சொற்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் போலத் தெரு, நகர்ப் பெயர்களில் ஏரி, தாங்கல், மடுவு, கால்வாய் என்று வந்தால் கூடுதலாக நான்கு பேரிடம் விசாரிக்க வேண்டும். பெயரே தீர்ப்பு ஆகிவிடாது. ஆனால் பெயர் வைத்தவர்கள் தண்ணீரைப் பார்த்துதான் வைத்தார்கள்.

பிறகு சுவர்களைப் பாருங்கள். காம்பவுண்டு சுவரில் இடுப்பளவில் பழுப்புக் கோடு, அடியில் மட்டும் புதுப் பெயிண்ட், இரும்புக் கேட்டின் கீழ்ப்பகுதி மட்டும் துருப்பிடித்தல், ஈபி மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றிப் பொருத்தியிருத்தல், வீட்டு வாசலில் செங்கல் வைத்துக் கட்டிய சிறு தடுப்பு. இவை எல்லாம் தண்ணீர் வந்துபோன தடயம். சாலையை மேலே மேலே போட்டு வீடு பள்ளத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்கிப் போகும்படி இருந்தால் தரைத்தளம் வேண்டாம்.

கடைசியாக, மனிதர்கள். வீட்டு உரிமையாளரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. "இங்கெல்லாம் தண்ணி வராது சார்" என்றுதான் சொல்வார்கள். மளிகைக் கடைக்காரர், அயர்ன் வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆகிய மூன்று இடங்களில் கேளுங்கள். கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். "தண்ணி நிக்குமா?" என்றால் "நிக்காது" என்று முடிந்துவிடும். "மிக்ஜாம் அப்ப இந்தத் தெருவுல எந்த அளவு தண்ணி, எத்தனை நாள் கரன்ட் இல்ல?" என்று கேட்டால் விவரம் கொட்டும்.

முதல் மாடியில் இருந்தால் பிரச்சினை இல்லை என்று எண்ணுவதும் தவறு. வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஆனால் கரன்ட் இருக்காது, மோட்டார் ஓடாது, சம்ப்பில் சாக்கடை கலந்திருக்கும், பால் வாங்க இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். கீழே நிறுத்திய பைக், கார் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. முடிந்தால் நவம்பரில் ஒரு பெருமழைக்கு மறுநாள் அந்தத் தெருவில் நடந்துபாருங்கள். வேறெந்த விசாரணையும் அதற்கு ஈடாகாது.

5. குழாயில் என்ன வருகிறது

மழையில் முழுகும் அதே பகுதியில் மே மாதம் தண்ணீருக்கு லாரி வந்து நிற்கும். புதியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். 2019 கோடையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை.

வீட்டுக்கு வரும் தண்ணீர் மூன்று வகை: மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் குழாயில் தருவது), போர் தண்ணீர், லாரி தண்ணீர். எது, எத்தனை நாளுக்கு ஒரு முறை, கோடையில் எது நிற்கும் என்று கேளுங்கள். "24 மணி நேரமும் தண்ணி உண்டு" என்ற பதிலில் ஒன்றுமில்லை. லாரி வாங்கி ஊற்றினாலும் 24 மணி நேரமும் வரும். அந்தச் செலவு யாருடையது என்பதே கேள்வி.

அடுக்குமாடியில் இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரத் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். 30 வீடுகளுக்கு 16,200 லிட்டர். போர் வற்றிவிட்டால் தினமும் 12,000 லிட்டர் லாரி ஒன்றும் அதற்கு மேலும் வேண்டும். கடந்த ஏப்ரல், மே மாதங்களின் மெயின்டெனன்ஸ் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஜனவரி ரசீதைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீடு பார்க்கப் போகும்போது பையில் இருக்கட்டும். குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. புழங்கும் தண்ணீரே 2,000-ஐத் தாண்டினால் துணி நரைக்கும், சோப்பு நுரைக்காது, கீஸர் காயில் ஓராண்டில் உப்புப் படிந்து போகும். சமையலறைக் குழாயில் அளந்தால் ஆர்.ஓ. கருவி சுத்திகரித்த தண்ணீரை அளந்து ஏமாறலாம். குளியலறைக் குழாயில் அளந்து பாருங்கள். ஒரு பாட்டிலில் பிடித்து மறுநாள் வரை வைத்துப் பாருங்கள். அடியில் மஞ்சளாகப் படிந்தால் இரும்பு அதிகம்.

கழிவுநீரையும் விட்டுவிடாதீர்கள். பாதாளச் சாக்கடை இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா? செப்டிக் டேங்க் என்றால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை லாரி வருகிறது, பணம் யார் கொடுக்கிறார்கள்? ஒரே பிரதான சாலையின் ஒரு பக்கம் மாநகராட்சியாகவும் மறுபக்கம் ஊராட்சியாகவும் இருக்கும் இடங்கள் புறநகரில் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் வருகின்றன. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது. ஊராட்சிகளில் வாடகை குறைவு, குப்பை எடுப்பதும் தெருவிளக்கும் அதற்கேற்ப இருக்கும்.

6. பள்ளி, மற்றும் ஊருக்குப் போகும் வழி

சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளிகள் பலவற்றில் அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே தொடங்கிவிடும். மே மாதம் வந்து கேட்டால் பல வகுப்புகளில் இடம் கிடைப்பது கடினம். ஆகவே வீடு பேசும் முன் பள்ளியில் இடம் உறுதியாக வேண்டும். வீட்டை எடுத்துவிட்டுப் பள்ளி தேடினால், ஆறு வயதுப் பிள்ளை தினமும் வேனில் ஒரு மணி நேரம் உட்கார நேரும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிப்பவர்களுக்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருப்பது முக்கியம். முகவரிச் சான்றும் அதே முகவரியில் இருக்க வேண்டும்.

மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலையை மனதில் வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். நெல்லை, மதுரைக்காரருக்குத் தாம்பரம் பக்கம் வசதி. கோவை ரயில்கள் சென்ட்ரலிலிருந்து கிளம்புவதால் கோவை, ஈரோடு, சேலத்துக்காரருக்கு அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர்ப் பக்கம் வசதி.

7. இப்போது வாடகை

மூன்று பகுதிகளில் ஒன்றோ இரண்டோதான் இதுவரை தாக்குப்பிடித்திருக்கும். வாடகையைத் தனியாக ஒப்பிடாதீர்கள். மாத மொத்தச் செலவை ஒப்பிடுங்கள்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. முதல் வீடு: வாடகை 15,000, மெயின்டெனன்ஸ் 3,500, கோடையில் லாரிப் பங்கு சராசரியாக மாதம் 800, கேன் தண்ணீர் 600, பைக் பெட்ரோல் 4,000. மொத்தம் 23,900. இரண்டாவது வீடு: வாடகை 19,000, மெயின்டெனன்ஸ் 1,500, மெட்ரோ தண்ணீர், ரயில் சீசன் டிக்கெட்டும் ஷேர் ஆட்டோவும் சேர்ந்து 1,500. மொத்தம் 22,000. நாலாயிரம் கூடுதலாகத் தெரிந்த வீடுதான் மலிவு. ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி எழுதிப் பார்க்காதவர்கள் முதல் வீட்டைத்தான் எடுக்கிறார்கள்.

ஈபிக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது. ஏ.சி. ஓடும் வீட்டில் இது மாதம் சில நூறு ரூபாய் விஷயம்.

பழைய வரி முறையில் எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) விலக்கு கோருபவர்கள், ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண் கொடுக்க வேண்டும். டோக்கன் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் "அதெல்லாம் பழக்கமில்லை" என்பார்கள்.

ஆடி, மார்கழியில் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள், பால் காய்ச்ச மாட்டார்கள். உங்களுக்கு அந்தத் தடை இல்லையென்றால், அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகையும் அட்வான்ஸும் பேசிக் குறைப்பது எளிது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி மாறும் காலம் என்பதால் பேரம் எடுபடாது.

8. மூன்று வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள்

வேலை நாள் காலை, இரவு 9 மணிக்கு மேல், ஞாயிறு மாலை. இரவில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்து போங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, கடைகள் எப்போது மூடுகின்றன, வீட்டுப் பெண்கள் தனியாக நடந்துவர முடியுமா என்று அப்போதுதான் தெரியும்.

சில பகுதிகளுக்கே உரிய தொல்லைகள் பகலில் தெரியாது. பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி காற்றின் திசையைப் பொறுத்து நாற்றமும் புகையும் வரும். கொடுங்கையூரிலும் அப்படியே. பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், கொளப்பாக்கத்தில் விமானங்கள் தாழப் பறக்கும். சிலருக்குப் பழகிவிடும், கைக்குழந்தை உள்ள வீட்டில் பழகாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைக் காற்று. ஆஸ்துமா உள்ளவர்கள் அங்கே வீடு எடுக்க வேண்டாம்.

வீட்டுக்குள் போனதும் மேல் மாடியா என்று பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு மே மாதம் இரவு 11 மணிக்கும் கொதிக்கும். செல்போன் சிக்னலை எல்லா அறையிலும் சோதியுங்கள்.

9. பேச்சு, அட்வான்ஸ், அக்ரிமென்ட்

போனிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: அசைவம் சமைக்கலாமா, தனி ஆண்களுக்குக் கொடுப்பார்களா, உரிமையாளர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா. நேரில் போன பிறகு "வெஜிடேரியன் மட்டும்" என்று கேட்டுத் திரும்புவது மனதை நோகடிக்கும், நாளையும் வீணாக்கும்.

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்றும் இடம் விட்டிருக்கிறது. ஆகவே மூன்றில் தொடங்கிப் பேசுங்கள். அதே சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வாய்ப்பேச்சில் இருந்தால் அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

அக்ரிமென்ட்டில் எழுதியே தீர வேண்டியவை: அட்வான்ஸ் தொகையும் அதைத் திருப்பித் தரும் நாளும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும், பெயிண்டிங்குக்கு அதிகபட்சம் எவ்வளவு பிடிப்பார்கள், லாரித் தண்ணீரும் செப்டிக் டேங்க்கும் யார் செலவு. பெயிண்டிங் வரியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுபவர்கள்தான் அதிகம். போகும்போது ஒரு மாத வாடகை அதில் போய்விடும்.

அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும், உரிமையாளர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். வீட்டு வரி ரசீதிலோ ஈபி அட்டையிலோ உள்ள பெயரும் அதுவாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். புரோக்கர் கணக்குக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

10. குடிபுகுந்த பிறகு

சாமான் இறங்கும் முன்பே ஈபி மீட்டர் அளவு, சுவர் விரிசல், கதவு, குழாய், பாத்ரூம் டைல்ஸ் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதியோடு கூடிய அந்தப் படங்கள் காலி செய்யும்போது வாக்குவாதத்தை நிறுத்தும்.

ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் முகவரி மாற்றத்தை முதல் மாதத்திலேயே முடியுங்கள். சேர்க்கைக் காலத்தில் பள்ளிக்கு இவை வேண்டும்.

முதல் ஆண்டில் மனை, ஃப்ளாட் எதுவும் வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல விலையாகத் தெரிந்தாலும். அந்தப் பகுதியில் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு மே மாதமும் கழிய வேண்டும். ஒப்பந்தத்தின் 9-ஆம் மாதத்தில் பயணக் குறிப்பையும் செலவுத் தாளையும் எடுத்து வைத்து, தொடர்வதா மாறுவதா என்று முடிவு செய்யுங்கள். இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க அப்போதுதான் நேரம் சரியாக இருக்கும்.